ஏரிகளின் நகரில் ஒரு விடுமுறை நாள்

மதுரைக்கு வைகையும், திருச்சிராப்பள்ளிக்குக் காவிரியும், தில்லிக்கு யமுனையும் வாய்த்தன. பெங்களூருக்கு அத்தகைய பேராறு ஒன்றும் வாய்க்கவில்லை. கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில், ஒரு மேட்டு நிலத்தின் முதுகின்மீது அமர்ந்துள்ள அந்நகருக்கு மழைநீரே முதலாக இருந்தது. 1537-ஆம் ஆண்டில் கோட்டை கட்டி நகரை நிறுவிய கெம்பே கௌடரும், அவருக்குப் பின் வந்தோரும் மேட்டிலிருந்து இறங்கும் நீரைக் கரை கட்டித் தேக்கினர். ஓர் ஏரி நிரம்பியதும் நீர் கலிங்கின் வழியே வழிந்து, வாய்க்காலில் ஓடி, தாழ்விலுள்ள அடுத்த ஏரியை அடையும். அதுவும் நிரம்பினால் அதற்கடுத்த ஏரியைச் சேரும். நம் தொண்டை நாட்டு ஏரிகளும், பாண்டி நாட்டுக் கண்மாய்களும் இம்முறையிலேயே அமைந்தவை. ஆதலின், பெங்களூரைச் சுற்றிப் பார்க்கச் செல்லும் நம்மவருக்கு அந்நகரின் அமைப்பு எளிதில் விளங்கும்.

குழந்தைகளுடன் ஒரு நாள் செலவிட எண்ணுவோர், காலையிலேயே லால்பாக் தோட்டத்திற்குச் சென்றுவிடுதல் நலம். 1760-ஆம் ஆண்டளவில் ஹைதர் அலி தொடங்கி, திப்பு சுல்தான் விரிவாக்கிய இத்தோட்டம் இன்று சுமார் 240 ஏக்கர் பரப்புடையது. 1889-ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பெற்ற கண்ணாடி மாளிகையில், குடியரசு நாளையும் விடுதலை நாளையும் ஒட்டி ஆண்டுக்கு இருமுறை மலர்க் காட்சி நடைபெறுகிறது. மலர்களைக் காட்டிலும் வியப்புக்குரியது அங்குள்ள பாறை. அதன் வயது ஏறத்தாழ 300 கோடி ஆண்டுகள் என நிலவியலார் கணித்துள்ளனர். பாறையின் உச்சியில் கெம்பே கௌடர் பெயரால் வழங்கும் சிறு கோபுரம் ஒன்று உண்டு. சிறுவர்கள் விரும்பி ஏறுவர். வெயில் ஏறுமுன் ஏறி இறங்குவதே நன்று. தோட்டத்தின் தென்பகுதியில் ஓர் ஏரியும் உண்டு.

அங்கிருந்து மெட்ரோ ரயிலில் கப்பன் பூங்காவிற்குச் செல்லலாம். இடையே மெஜஸ்டிக் நிலையத்தில் வண்டி மாற வேண்டும். அதன் அருகேயுள்ள மாபெரும் பேருந்து நிலையம் இருக்குமிடம் ஒரு காலத்தில் தர்மாம்புதி என்னும் ஏரியாக இருந்தது. நகருக்குக் குடிநீர் அளித்த அந்த ஏரியின் படுகையில் இன்று பேருந்துகள் நிற்கின்றன. இதனைக் குழந்தைகளுக்குச் சொல்லுதல் வேண்டும்.

கப்பன் பூங்கா 1870-ஆம் ஆண்டில் பொறியாளர் ரிச்சர்டு சாங்கியின் திட்டப்படி அமைந்தது. நண்பகல் வெயிலுக்கு மரநிழலும், மழை வந்தால் ஒதுங்குவதற்கு விசுவேசுவரய்யா தொழில்நுட்பப் பொருட்காட்சி சாலையும் இங்கு உண்டு.  பூங்காவை அடுத்துள்ள கண்டீரவா விளையாட்டரங்கமும் சம்பங்கி ஏரி இருந்த நிலமே. அந்த ஏரியில் இன்று எஞ்சியிருப்பது சிறு குளம் மட்டுமே. எனினும், தோட்டப் பயிர்த்தொழிலில் பேர்பெற்ற திகளர் சமூகத்தார் ஆண்டுதோறும் கரக விழாவின்போது அக்குளத்திற்கு வந்து வழிபாடு செய்கின்றனர். ஏரி மறைந்தாலும் அதன் நினைவை விழா காத்து வருகிறது.

மாலைப் பொழுதிற்கு உரியது அல்சூர் ஏரி. தீவுகளும் மரங்களும் சூழ, நூறு ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பில் விரிந்துள்ளது இது. அல்சூர் வட்டாரம் நெடுங்காலமாகத் தமிழர் மிகுந்து வாழும் பகுதி. பழமையான சோமேசுவரர் கோயில் அருகில் உள்ளது. 18 ஆண்டுகள் திரையிட்டு மூடியிருந்த திருவள்ளுவர் சிலை, 2009 ஆகஸ்டு 9-ஆம் நாள் இவ்வேரிக்கு அருகில் திறந்து வைக்கப்பெற்றது. நான்கு நாட்களுக்குப்பின் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை திறக்கப்பெற்றது. இரு மொழியினரும் ஒருவர் புலவரை மற்றவர் போற்றிய அச்செய்தியும் குழந்தைகள் அறியத்தக்கது.

ஏரிக்கரையில் அமர்ந்திருக்கும் வேளையில், ‘இந்த நீர் எங்கே போகிறது?’ என்று பிள்ளைகள் வினவக்கூடும். அவ்வினாவிற்கு நாம் விடையறிந்திருத்தல் கடமையாகும். அல்சூர் ஏரியின் உபரி நீர் தென்கிழக்கே பெல்லந்தூர் ஏரியையும், பின்னர் வர்த்தூர் ஏரியையும் அடைந்து, தென்பெண்ணையில் கலக்கிறது. தென்பெண்ணையோ ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணைக்கு வந்து, கிருஷ்ணகிரி வழியாகக் கடலூர் அருகே கடல் சேர்கிறது. நகரின் மேற்குச் சரிவில் வடியும் நீர் விருஷபாவதி, அர்க்காவதி ஆறுகளின் வழியே காவிரியைச் சேர்கிறது. ஆகவே பெங்களூரின் நீர் எத்திசையில் இறங்கினாலும் பெரும்பாலும் தமிழகத்திற்கே வருகிறது.

நகரின் கழிவுநீர் சுத்திகரிக்கப்படாமல் கலந்தமையால் பெல்லந்தூர் ஏரியில் வெண்ணுரை மலைபோல் எழுந்தது. 2015-ஆம் ஆண்டில் ஏரியின்மேல் தீயும் பற்றியது. 2016-ஆம் ஆண்டில் அல்சூர் ஏரியில் மீன்கள் திரளாக மடிந்தன. சலவைத் தூள் முதலியவற்றின் எச்சமே நுரைக்கு முக்கிய காரணம். அந்நுரை கெலவரப்பள்ளி அணையிலும் பலமுறை காணப்பட்டது. மேலே ஊற்றியதைக் கீழே உள்ளோர் பெற்றனர்.

ஆயினும் மனம் தளர வேண்டுவதில்லை. நகரின் வடபுறத்தில் ஜக்கூர் ஏரி உள்ளது. அங்கே கழிவுநீர் முதலில் நிலையத்தில் சுத்திகரிக்கப்படுகிறது. பின்னர் கோரையும் சம்பும் அடர்ந்த சதுப்பு நிலத்தினூடே மெல்லச் செல்கிறது. எஞ்சிய அழுக்கை அச்செடிகள் உறிஞ்சியபின் ஏரியை அடைகிறது. அங்கே மீன்பிடிப்போரையும் நீர்ப்பறவைகளையும் காணலாம். கைக்கொண்டரஹள்ளி ஏரியும் அக்கம்பக்கத்து மக்களும் மாநகராட்சியும் கூடி உழைத்ததால் மீண்டது. இரண்டு நாள் தங்குவோர் இவ்விரண்டில் ஒன்றையேனும் அதிகாலையில் கண்டுவருவது தகும்.

உல்லாசப் பயணம் என்பது கண்ணுக்கு விருந்து மட்டுமாய் முடிந்துவிடலாகாது. உண்ட இலையையும் தாளையும் கரையில் விட்டெறியாமல் எடுத்துவரும் குழந்தை, ஏரியின் பயனைக் கற்றுக்கொண்ட குழந்தையாகும். அல்சூரில் நாம் எறிவது ஓசூரில் நம்மவர் வாசலுக்கே வந்து சேரும் என்பதை அக்குழந்தை உணருமாயின், அன்றைய பயணம் பயனுடையதே.