டயாலிசிஸுக்கு முன் காக்க வேண்டிய கை

சிறுநீரகம் செயலிழந்தவரின் இரத்தத்தை இயந்திரத்தின் மூலம் சுத்திகரிப்பதே டயாலிசிஸ் என்பது பலருக்கும் தெரியும். அந்த இயந்திரத்துக்கு இரத்தம் எந்த வழியால் போகிறது என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. எங்கள் மலையகத்து முதியவர்கள் பலருக்குச் சிக்கலே அந்த வழியில்தான்.

நிமிடத்துக்கு ஏறத்தாழ 300 மில்லிலீற்றர் இரத்தம் வெளியே சென்று திரும்ப வேண்டும். ஒரு தடவைக்குச் சுமார் நான்கு மணித்தியாலம். வாரத்தில் இரண்டு, மூன்று தடவை. சாதாரண நாளத்தில் அவ்வளவு ஓட்டம் இல்லை. நாடியில் உண்டு, ஆனால் அதில் அடிக்கடி ஊசி குத்துவது ஆபத்து. நியூயோர்க் நகரின் புரொங்ஸ் பகுதியில் பணியாற்றிய பிரெஷியா, சிமினோ, அப்பெல் ஆகிய வைத்தியர்கள் 1966இல் இதற்கொரு தீர்வை வெளியிட்டார்கள். மணிக்கட்டருகே தோலின் கீழ் நாடியையும் நாளத்தையும் தைத்து இணைத்துவிட்டால் நாடியின் வேகமான இரத்தம் நாளத்துக்குள் பாயும். நாளம் பருத்து, சுவர் தடிக்கும். இதுதான் பிஸ்டுலா. அதன்மேல் விரல் வைத்தால், பூனையின் கழுத்தைத் தடவும்போது உணர்வோமே, அப்படியோர் அதிர்வு தெரியும்.

பிஸ்டுலா முதிர ஆறு வாரமாவது வேண்டும், மாதக்கணக்கும் ஆகலாம். சீனி வருத்தமும் பிரஷரும் உள்ள முதியவர்களின் நாடிகள் தடித்து இறுகியிருப்பதால் சிலருக்கு அது முதிர்வதே இல்லை. அப்போது முழங்கைக்கு மேலே இன்னொன்று செய்வார்கள், அல்லது செயற்கைக் குழாயைப் பொருத்துவார்கள். திடீரென மூச்சுத் திணறி வருபவருக்குக் கழுத்து நாளத்தில் குழாய் போடுவதைத் தவிர வேறு வழியில்லை. அது உடனே பயன்படும். ஆனால் கிருமித்தொற்று எளிதில் வரும், நனையவும் கூடாது. என்றாலும் மிகவும் தளர்ந்த முதியவருக்குக் குழாயே போதுமென வைத்தியர் சொன்னால் அதைக் கைவிட்டதாக எண்ணக் கூடாது. முதிராத பிஸ்டுலாவுக்காக அவரை மறுபடி மறுபடி அறுப்பது நியாயமா?

ஹட்டன், நோர்வூட் பக்கத்திலிருந்து இந்தச் சத்திரசிகிச்சைக்காகப் பலர் கண்டிக்குப் போகிறார்கள். கூடப் போகும் மகனுக்கோ மகளுக்கோ ஒவ்வொரு பயணமும் ஒருநாள் பேர். "மெஷின் போடும்போது பார்ப்போம்" என்று தள்ளிப்போடுவது அதனால்தான்.

செலவில்லாத வேலை ஒன்று உண்டு. சிறுநீரகம் பலவீனமடைகிறது என்று கிளினிக்கில் சொன்ன நாளிலிருந்தே ஒரு கையைக் காப்பது. இரத்தம் எடுப்பதோ சேலைன் ஏற்றுவதோ மறுகையில், இயன்றவரை புறங்கையில் நடக்கட்டும். தாதியிடம் நாமே சொல்லலாம். அதிகம் பயன்படுத்தாத கையையே வழக்கமாகத் தெரிவு செய்வார்கள். இரண்டு கையாலும் கொழுந்து பறித்தவரிடம் அப்படி ஒரு கை ஏது? அவரிடமே கேட்க வேண்டும்.

பிஸ்டுலா செய்தபின் அந்தக் கையில் பிரஷர் பார்க்கக் கூடாது, இறுக்கமான காப்பு கூடாது, விறகுக்கட்டைத் தொங்கவிடக் கூடாது, அதன்மேல் தூங்கவும் கூடாது. காயம் ஆறியபின் வுழூவுக்குத் தடையில்லை. டயாலிசிஸுக்கு முன் சவர்க்காரமிட்டுக் கழுவவே சொல்வார்கள். தினமும் காலையில் அந்த அதிர்வைத் தொட்டுப் பார்க்க வேண்டும். அது நின்றிருந்தால் இரத்தம் உறைந்திருக்கலாம். அடுத்த கிளினிக் வரை காத்திராமல் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.