மூன்று கண் கார்: பிறந்தவை 51 மட்டுமே!

இரவு நேரத்தில் வளைவில் திரும்பும்போது காரின் விளக்கு நேராகவே ஒளி வீசினால், திரும்பும் பக்கத்தில் நடந்து வருபவர் கண்ணுக்குத் தெரியமாட்டார். இந்தச் சிக்கலுக்கு 1948-லேயே தீர்வு கண்ட கார் ஒன்று உண்டு. அதுதான் அமெரிக்காவின் 'டக்கர் 48'. அதன் முகப்பில் மூன்று விளக்குகள். நடுவிளக்கு, ஸ்டீயரிங் திரும்பும் பக்கம் தானும் திரும்பும்.

இதை உருவாக்கியவர் பிரஸ்டன் டக்கர். போர்க்காலத்தில் அமெரிக்காவில் பொதுமக்களுக்கான கார் உற்பத்தி நின்றுபோயிருந்தது. போர் முடிந்ததும் பெரிய நிறுவனங்கள் பழைய மாதிரிகளையே மெருகேற்றி விற்றன. டக்கரோ சிகாகோவில், போர் விமான இயந்திரங்கள் செய்த பெரிய தொழிற்சாலையில் புதிய காரைச் செய்யத் தொடங்கினார். ஹெலிகாப்டர் இயந்திரத்தை மாற்றியமைத்துக் காரின் பின்பக்கம் பொருத்தினார். விபத்தில் கழன்று வெளியே விழும் முன்கண்ணாடி, தலை மோதினாலும் காயம் குறைய மெத்தை வைத்த முன்பலகை ஆகியவையும் அதில் இருந்தன.

கார் தயாராகும் முன்பே பங்குகளை விற்றுப் பணம் திரட்டினார். வாங்கப்போகிறவர்களிடம் ரேடியோ, இருக்கை உறை போன்றவற்றையும் விற்றார். விசாரணை வந்தது. மோசடி வழக்கு தொடரப்பட்டது, தொழிற்சாலை மூடப்பட்டது. அதன்பிறகும் விசுவாசமான சில தொழிலாளர்கள் எஞ்சிய கார்களைப் பொருத்தி முடித்தனர். மாதிரிக் காரையும் சேர்த்து மொத்தம் 51. 1950 ஜனவரியில் டக்கர் குற்றமற்றவர் என்று தீர்ப்பு வந்தபோது நிறுவனம் கைவிட்டுப் போயிருந்தது. 1956-இல் அவர் காலமானார்.

கதை அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவிடாமல் செய்தவர்கள் கார் ஆர்வலர்கள். கைவிடப்பட்ட கார்களைத் தேடிப் பிடித்தார்கள். உதிரி பாகங்களையும் வரைபடங்களையும் சேர்த்தார்கள். ஒவ்வொரு காரின் எண்ணையும் வரலாற்றையும் எழுதி வைத்தார்கள். அதனால் 51-இல் 47 இன்றும் இருக்கின்றன. 2012-இல் ஒன்று ஏலத்தில் 29 லட்சம் டாலருக்கு மேல் விலைபோனது. அந்த விலையைவிடப் பெரிய பயன் ஒன்று உண்டு. 'டக்கர் ஏமாற்றுக்காரரா, முன்னோடியா?' என்று கேட்பவர், காரின் மூடியைத் திறந்து தாமே பார்த்து முடிவு செய்யலாம்.

நம்மவரிடமும் இதுபோன்ற கதை உண்டு. கோயம்புத்தூர் விஞ்ஞானி ஜி.டி. நாயுடு 1952-இல் இருவர் அமரும் சிறிய பெட்ரோல் காரை உருவாக்கினார். விலை 2,000 ரூபாய்தான். அரசின் உரிமம் கிடைக்காததால் உற்பத்தி நின்றது. அதன் இயந்திரம் எப்படி இருந்தது, எவ்வளவு பெட்ரோல் குடித்தது என்று கேட்டால் நம்மில் எத்தனை பேருக்குப் பதில் தெரியும்? டக்கருக்கு வாய்த்த ஆர்வலர் கூட்டம் அந்தக் காருக்கு வாய்த்திருந்தால், விரல் நுனியில் விவரம் இருந்திருக்கும்.

மாணவர்களே, இந்த வேலைக்குக் கோடீஸ்வரராக இருக்க வேண்டியதில்லை. ஜொகூர் பாருவின் தம்போயில் 'ஓரியண்டல் அசெம்ப்ளர்ஸ்' தொழிற்சாலையில் கார்கள் பொருத்தப்பட்ட காலம் ஒன்று இருந்தது. அத்தகைய இடங்களில் உழைத்த தாத்தாவோ மாமாவோ உங்கள் உறவில் இருக்கலாம். 1985-இல் வெளிவந்த முதல் புரோட்டோன் சாகா, பக்கத்து வீட்டில் தூசி படிந்து நிற்கலாம். அவர்களிடம் கேளுங்கள். படம் எடுங்கள். எந்தப் பாகம் எதற்கு, எது அடிக்கடி பழுதானது, எப்படிச் சரிசெய்தார்கள் என்று நோட்டுப் புத்தகத்தில் குறித்து வையுங்கள். பொறியியல் படிக்க விரும்புவோருக்கு இது நல்ல பயிற்சியும்கூட.

பழைய வண்டி இரும்புக் கடைக்குப் போவதற்குள் இந்த வார விடுமுறையிலேயே தொடங்கிவிடுங்கள்!