இணைய உலாவும் தனியுரிமையும்

உலா, சிற்றிலக்கிய வகைகளுள் ஒன்று. தலைவன் வீதியில் பவனி வர, பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக எழுபருவ மகளிரும் அவனைக் காண்பதாகப் பாடுவது அதன் மரபு. கார்த்திகைத் தீபத் திருவிழாவில் திருவண்ணாமலையின் மாட வீதிகளில் இறைவன் உலா வருவதும் ஊரார் கண்டு வணங்குவதற்கே. இணையத்தில் நாம் மேற்கொள்ளும் உலா அத்தகையதன்று. அங்கு நம்மைக் காண்போர் யாவர் என நாம் அறியோம்.

பௌர்ணமிக் கிரிவலத்திற்கு வரவிருக்கும் ஒருவர் தங்கும் அறையின் வாடகையை ஒரு தளத்தில் பார்க்கிறார் எனக் கொள்வோம். பின்னர் அவர் செய்தி படிக்கும் வேறொரு தளத்திலும் விடுதி விளம்பரங்கள் தோன்றுகின்றன. இரு தளங்களிலும் ஒரே விளம்பர நிறுவனத்தின் நிரல் இருப்பதே இதற்குக் காரணம். அது ‘குக்கீ’ என்னும் சிறு கோப்பை உலாவியில் இட்டு வைக்கிறது. அடுத்த தளத்தில் அக்கோப்பைக் கண்டு, வந்தவர் முன்னவரே என அறிகிறது. 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மொண்டுல்லி குக்கீயை உருவாக்கியது, வாங்குவோர் தெரிவு செய்த பொருள்களைத் தளம் நினைவில் கொள்வதற்கே ஆகும். விடுதித் தேடல் வெளிப்படுவதால் பெருந்தீங்கு இல்லை எனலாம். ஒருவரின் நோயும் கடனும் பற்றிய தேடல்கள் இவ்வாறே தொகுக்கப்படுமாயின் நிலைமை வேறு.

சஃபாரி உலாவி 2020 முதல் அயல்தளக் குக்கீகளை முற்றிலும் தடுக்கிறது. ஃபயர்பாக்ஸ், ஒரு தளத்தின் குக்கீயைப் பிற தளம் காணாதவாறு தனித்தனியே பிரித்து வைக்கிறது. குரோமில் அவற்றை நீக்குவதாக 2020இல் அறிவித்த கூகுள், 2024இல் அம்முடிவைக் கைவிட்டது. அந்நிறுவனத்தின் வருவாயில் பெரும்பங்கு விளம்பரங்களால் கிடைப்பது என்பதை இங்குக் கருத வேண்டும். ஓர் உலாவியைத் தேர்வோர், அதனை அளிப்பவர் எதனால் பொருளீட்டுகிறார் என்பதையே முதலில் வினவுதல் வேண்டும்.

தமிழ்நாட்டின் சோகோ நிறுவனம் 2023இல் வெளியிட்ட உலாவியின் பெயர் ‘உலா’. குரோமுக்கு அடிப்படையான குரோமியம் என்னும் திறந்த மூலநிரலின்மீதே இதுவும் கட்டப்பட்டது. எனினும் பின்தொடரும் நிரல்களைத் தடுக்கிறது. பணிக்கும் சிறுவர்க்கும் தனித்தனிப் பயன்முறைகளும் இதில் உண்டு. பெயர் தமிழ் என்பதற்காக மட்டும் ஒன்றைத் தேர்தல் ஆகாது. இவ்வியல்புகளையே நோக்குதல் வேண்டும்.

தனியுரிமை அடிப்படை உரிமையே என 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. எனினும், மறைநிலைச் சாளரத்தைத் திறந்தாலே அவ்வுரிமை காக்கப்பட்டுவிடும் எனப் பலர் எண்ணுகின்றனர். அச்சாளரம், உலாவிய வரலாற்றை நம் கருவியில் சேமிக்காமல் விடுகிறது. இணைய இணைப்பு வழங்குவோரும் நாம் செல்லும் தளங்களும் நம் வருகையை அறியவே செய்வர். பலர் பயன்படுத்தும் கணினி மையத்தில் அமர்ந்து தேர்வு முடிவைப் பார்க்கும் மாணவருக்கு அது பெரிதும் உதவும். அங்கு அஞ்சத்தக்கவர் அடுத்து வந்து அதே இருக்கையில் அமர்பவரே.