மாதவிடாய் நிறுத்தமும் மனச்சோர்வும்: மரபணுவின் பங்கு என்ன?

இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் மாதவிடாய் நின்றுவிடுகிறது. அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் ஈஸ்ட்ரோஜன் அளவு ஏறி இறங்குவதால் திடீர் உடற்சூடு, இரவு வியர்வை, உறக்கமின்மை தோன்றும். சிலருக்கு மனச்சோர்வும் ஏற்படும்.

மரபணுவின் பங்கு

மனச்சோர்வுக்கான வாய்ப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மரபுவழிப்பட்டது என இரட்டையர் ஆய்வுகள் காட்டுகின்றன. உடற்சூட்டுடன் டிஏசிஆர்3 மரபணுவின் மாறுபாடுகள் தொடர்புடையவை என 2016இல் அமெரிக்க ஆய்வொன்று கண்டறிந்தது. எனினும் மனச்சோர்வு ஒரே மரபணுவால் வருவதன்று. ஆகவே தாய்க்கு இருந்தால் மகளுக்கும் வந்தே தீரும் என அஞ்ச வேண்டாம். மரபணுப் பரிசோதனையும் தேவையில்லை. தாய்க்கோ சகோதரிக்கோ, மகப்பேற்றுக்குப் பின் உங்களுக்கோ மனச்சோர்வு இருந்திருந்தால், அதனை மருத்துவரிடம் கூறுங்கள்.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?

சோகம், ஆர்வமின்மை ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், ‘வயதுக் கோளாறு’ என ஒதுக்காமல் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகுங்கள். தைராய்டு குறைபாடும் இரத்தசோகையும் இதே அறிகுறிகளைத் தரக்கூடும் என்பதால் அவற்றையும் பரிசோதிக்க வேண்டும். குமரி மாவட்டத்தினர் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல சிகிச்சை பெறலாம்.

தற்கொலை எண்ணம் தோன்றினால், குடும்பத்தினர் அவரைத் தனியே விடாமல் உடனே டெலி மானஸ் 14416 எண்ணை அழைக்கவும்.