நீரில் விழுந்த கேமரா: அவசரம் வேண்டாம், ஆதாரம் வேண்டும்

ஒகேனக்கல் பரிசல், மாமல்லபுரம் கடலோரம், கோயில் தெப்பக்குளத்துப் படிகள் என்று தண்ணீர் இருக்கும் இடமெல்லாம் இன்று கல்யாண வீடியோவுக்கான களமாகிவிட்டது. கேமரா கைநழுவி நீரில் விழுவது இந்தத் தொழிலோடு சேர்ந்தே வரும் ஆபத்து. விழுந்த கேமராக்களில் பல பிழைக்கக்கூடியவைதாம். ‘ஓடுகிறதா பார்ப்போம்’ என்று உடனே பவர் பட்டனை அழுத்துவதால்தான் அவற்றில் பல வீணாகின்றன. அதேபோல, நியாயமாகக் கிடைக்க வேண்டிய இழப்பீட்டை பில்லும் எழுத்துச் சான்றும் இல்லாமல் இழப்பவர்களும் உண்டு. கேமராவையும் அதிலிருக்கும் பதிவையும் உங்கள் உரிமையையும் காப்பாற்ற என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

முதலில் உயிர்

கேமரா விழுந்ததும் பின்னாலேயே குதிக்காதீர்கள். ஆற்றுச் சுழலும் பாசி படிந்த பாறையும் கடலின் இழுவிசையும் நீச்சல் தெரிந்தவரையும் விழுங்கிவிடும். அந்த இடத்தை அறிந்த பரிசல்காரர், மீனவர், தீயணைப்பு வீரர் ஆகியோரின் உதவியைக் கேளுங்கள். சார்ஜரோடு இணைந்த நிலையில் கேமரா விழுந்திருந்தால், சுவரில் உள்ள சுவிட்சை அணைக்காமல் அதைத் தொடக் கூடாது.

தண்ணீர் என்ன செய்கிறது?

மின்சாரம் ஓடாத சர்க்யூட் போர்டு சிறிது நேரம் நனைந்தால் பெரிய கேடு இல்லை. பேட்டரியோடு நனையும்போதுதான் சிக்கல். ஆற்றுநீரிலும் குழாய்நீரிலும் கரைந்திருக்கும் உப்புகள் மின்சாரத்தைக் கடத்துகின்றன. போகக் கூடாத பாதையில் மின்சாரம் பாய்ந்து போர்டு ஷார்ட் ஆகிறது. மின்னோட்டமும் ஈரமும் சேர்ந்தால் செம்புத் தடங்களில் மிக வேகமாகக் களிம்பு ஏறுகிறது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருப்பதால் அங்கே இந்த அரிப்பு இன்னும் கடுமை.

முதல் பத்து நிமிடம்

எடுத்தவுடன் கேமராவை அணைத்து, பேட்டரியைக் கழற்றுங்கள். அணைக்கும் பட்டன் வேலை செய்யாவிட்டால் அதோடு போராடாமல் நேராகப் பேட்டரியைக் கழற்றிவிடலாம். அடுத்து மெமரி கார்டை எடுங்கள். லென்ஸ், மைக், எல்லாக் கேபிள்களையும் பிரித்துத் தனித்தனியே வையுங்கள். நீர் வடிவதற்காகக் கேமராவை உலுக்குவதும், ஜூம் பட்டனை அழுத்திப் பார்ப்பதும் நீரை இன்னும் உள்ளே தள்ளும். மெல்லச் சாய்த்து வடியவிட்டு, உறிஞ்சும் துணியால் ஒற்றியெடுங்கள்.

கேமராவின் நிலையையும் அதன் சீரியல் எண்ணையும் கைபேசியில் படம் பிடிக்க ஒரு நிமிடம் போதும். பின்னால் காப்பீடு கோரும்போது அந்தப் படம் கைகொடுக்கும்.

கடல்நீர் என்றால்

குழாய்நீரில் விழுந்த கேமராவைக் கழுவாமல் உலர்த்தலாம். கடல்நீர் அப்படியல்ல. நீர் உலர்ந்த பிறகும் உப்பு உள்ளே படிந்து, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு அரித்தபடியே இருக்கும். எனவே பேட்டரியும் கார்டும் நீக்கிய கேமரா உடலை உப்பு காய்வதற்குள் நன்னீரால் அலச வேண்டும். வாகன பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீர் கிடைத்தால் இன்னும் நல்லது. பிறகு காலம் தாழ்த்தாமல் டெக்னீஷியனிடம் கொண்டுபோங்கள். அவர் கேமராவைத் திறந்து போர்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் சுத்தம் செய்வார். வெள்ளச் சேற்றில் விழுந்த கேமராவுக்கும் இந்தச் சுத்தம் தேவை. வெறுமனே உலர்த்தினால் சேறு உள்ளேயே இறுகிவிடும்.

நீங்களே திருப்புளியை எடுக்க வேண்டாம். ஃபிளாஷ் உள்ள கேமராக்களின் கெப்பாசிட்டரில், பேட்டரியைக் கழற்றிய பிறகும் 300 வோல்ட் வரை மின்சாரம் தங்கியிருக்கக்கூடும்.

அரிசிப் பானை வேண்டாம்

நனைந்த கருவியை அரிசிக்குள் புதைப்பது வீட்டுக்கு வீடு சொல்லும் வைத்தியம். பெட்டிக்குள் சிக்கிய நீரை அரிசி உறிஞ்சி வெளியே எடுத்துவிடாது. அதன் தூசியும் துகளும்தான் உள்ளே புகும். ஆப்பிள் நிறுவனமே தன் ஐபோனை அரிசியில் வைக்காதீர்கள் என்று 2024இல் எச்சரித்தது. ஹேர் டிரையர், அடுப்படிச் சூடு, உச்சி வெயில் மூன்றும் ஆகாது. பசை இளகும், திரை கெடும், ஆவியான நீர் லென்ஸுக்குள் போய்ப் படியும்.

நிழலில், மின்விசிறிக் காற்றில் எல்லா மூடிகளையும் திறந்து வையுங்கள். வெளி ஈரம் போனதும், காற்றுப் புகாத டப்பாவில் நிறையச் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு இரண்டு மூன்று நாள் மூடி வையுங்கள். கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் இந்தக் கட்டத்தைத் தவிர்த்தால் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும்.

பேட்டரி: அலட்சியம் கூடாத இடம்

நனைந்த லித்தியம் அயான் பேட்டரியை, காய்ந்துவிட்டது என்று நம்பிச் சார்ஜ் போடாதீர்கள். உள்ளே ஏற்பட்ட பாதிப்பு மணிக்கணக்கிலோ நாள்கணக்கிலோ தாமதித்தும் தீயாக வெளிப்படலாம். 2022இல் இயான் புயலின்போது அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் கடல்நீரில் மூழ்கிய மின்சாரக் கார்களில் சில, வெள்ளம் வடிந்த பிறகு தீப்பற்றின. கேமரா பேட்டரி அளவில் சிறியது, வேதியியல் ஒன்றே. உப்பிய, சுடுகிற, வித்தியாசமான மணம் வருகிற பேட்டரியை வீட்டுக்கு வெளியே, எரியும் பொருள் இல்லாத சிமென்ட் தரையில் அல்லது மணலில் வையுங்கள். குப்பைத்தொட்டியில் போடாமல் மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் ஒப்படையுங்கள்.

பதிவை மீட்பது

கேமராவை மறுபடி வாங்கலாம், தாலி கட்டிய நிமிடத்தை மறுபடி எடுக்க முடியாது. நல்ல செய்தி என்னவென்றால், மெமரி கார்டுக்குள் இருக்கும் பதிவு நனைந்ததால் மட்டும் அழிவதில்லை. கார்டை நன்னீரில் அலசி, ஒரு நாளாவது உலரவிட்டு, கார்டு ரீடர் வழியாகக் கணினியில் படியுங்கள். வேறு கேமராவில் செருகாதீர்கள். ‘ஃபார்மட் செய்யவா?’ என்று கேட்டால் வேண்டாம் என்றே சொல்லுங்கள். விழும்போது ஓடிக்கொண்டிருந்த பதிவு முழுமையாக மூடப்படாததால் திறக்காமல் போகலாம். அதையும் நீக்க வேண்டாம். பழுதான வீடியோ கோப்பைச் சரிசெய்யும் மென்பொருள்கள் உள்ளன. கார்டே படியாவிட்டால் தரவு மீட்பு ஆய்வகத்துக்குப் போங்கள்.

நீரில் கிடந்த பதிவையும் மீட்க முடியும் என்பதற்கு ஓர் உதாரணம்: 2009 ஜூன் 1 அன்று அட்லாண்டிக் கடலில் விழுந்த ஏர் பிரான்ஸ் 447 விமானத்தின் பதிவுக் கருவிகள், சுமார் 3,900 மீட்டர் ஆழத்திலிருந்து 2011 மே மாதம் மீட்கப்பட்டன. ஏறத்தாழ இரண்டு ஆண்டு கடலடியில் கிடந்தவற்றின் தரவை நிபுணர்கள் முறையாக உலர்த்திச் சுத்தம் செய்து படித்தார்கள். கடலிலிருந்து எடுக்கும் இத்தகைய கருவிகளை ஆய்வகம் சேரும்வரை நீரிலேயே வைத்திருப்பது வழக்கம். காற்றுப் பட்டால் அரிப்பு விரைவாகும். நீரிலேயே வைத்திருக்கும் இந்த முறை, வெள்ளத்தில் நனைந்த பழைய கல்யாணக் கேசட்டுகளுக்கும் பொருந்தும். டேப்பை வெயிலில் காயவைக்காதீர்கள், பிளேயரில் போட்டும் பார்க்காதீர்கள். சுத்தமான குளிர்ந்த நீரில் வைத்து டேப் மீட்பவரிடம் சேருங்கள்.

உங்கள் உரிமை என்ன?

கம்பெனி வாரண்டி பொதுவாக நீர்ப்பாதிப்பை ஏற்பதில்லை. ஆனால் நீர் புகாது என்று சொல்லி விற்ற கேமரா, அறிவித்த வரம்புக்குள்ளேயே பழுதானால் அது பொருளின் குறைபாடு. நீர்காப்புக் குறியீடு ஐபிஎக்ஸ்7 (IPX7) என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்க வேண்டும். ஆயினும் இந்தச் சோதனை நன்னீரில் நடப்பது, கடலுக்கு உத்தரவாதம் ஆகாது. பெட்டி, கையேடு, விளம்பரம் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள்.

தண்ணீரே படாத கேமராவுக்கு ‘வாட்டர் டேமேஜ்’ என்று சர்வீஸ் சென்டரில் கைவிரித்தால், போர்டின் படத்தோடு எழுத்தில் காரணம் கேளுங்கள். கேமராவை ஒப்படைக்கும்போது ஜாப் ஷீட்டில் சீரியல் எண், நிலை, மதிப்பீட்டுத் தொகை பதிவாகட்டும். கார்டை உள்ளே விட்டுக் கொடுக்காதீர்கள்.

‘தொழிலுக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்ல’ என்று யாராவது சொன்னால் பின்வாங்க வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, சுயதொழில் மூலம் பிழைப்புக்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்துபவரையும் நுகர்வோராகவே ஏற்கிறது. ஒற்றைக் கேமராவை நம்பிக் குடும்பம் நடத்தும் வீடியோகிராபருக்கு இது பெரிய துணை. வீடியோகிராபரின் கவனக்குறைவால் கல்யாணப் பதிவை இழந்த குடும்பமும் சேவைக் குறைபாடு என்று முறையிடலாம்.

முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழையுங்கள். தீராவிட்டால், நீங்கள் வசிக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் வழக்குத் தொடரலாம். செலுத்திய விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை.

காப்பீடு எடுத்திருந்தால் நிறுவனத்துக்கு உடனே தகவல் சொல்லுங்கள். சர்வேயர் பார்ப்பதற்குமுன் பழுதுபார்க்கக் கொடுக்க நேர்ந்தால் முன்கூட்டியே எழுத்தில் தெரிவியுங்கள். கோரிக்கையை மறுத்தாலோ, எழுத்துப் புகாருக்கு ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். கட்டணம் கிடையாது. சென்னையில் அவரது அலுவலகம் உள்ளது.

இன்றே செய்யுங்கள்

பில், சீரியல் எண், வாரண்டி அட்டை மூன்றையும் படமெடுத்து மின்னஞ்சலில் சேமியுங்கள். பாலிசியில் தண்ணீர் பாதிப்பு, வெளியிடங்களில் பயன்படுத்துவது ஆகிய இரண்டும் அடங்குமா என்று படியுங்கள். இரண்டு கார்டு செருகும் கேமராவில் இரண்டிலும் ஒரே நேரத்தில் பதிவாகட்டும். வாடிக்கையாளரோடு போடும் ஒப்பந்தத்தில், பதிவு இழந்தால் என்ன ஈடு என்பதையும் எழுதுங்கள். தண்ணீருக்கு அருகே போகும் நாளில் கேமரா வாரைத் தோளில் மாட்டிக்கொள்ளுங்கள். பையில் உறிஞ்சும் துணி, சிலிக்கா ஜெல், மூடியிட்ட டப்பா மூன்றும் இருக்கட்டும். உதவியாளர் உட்படக் குழுவில் எல்லாருக்கும் ஒரு கட்டளை மனப்பாடமாகட்டும்: விழுந்ததை எடுத்ததும் பேட்டரியைக் கழற்று, ஆன் செய்து பார்க்காதே.