தாவிச் செல்லும் கண்

படிப்பவரின் கண் வரியின் மேல் இடைவிடாமல் நகர்ந்து செல்வதில்லை. ஓரிடத்தில் ஏறத்தாழக் கால் விநாடி நின்று, ஏழெட்டு எழுத்துகளைத் தாண்டி மீண்டும் நிற்கிறது. கண் இப்படி நின்று நின்று தாவுவதைப் பாரிஸில் எமில் ஜவால் என்னும் கண் மருத்துவரின் ஆய்வுக்கூடம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே கவனித்திருந்தது. நிற்பதை நிலைப்பு என்றும் தாண்டுவதைத் தாவல் என்றும் கொண்டால், எழுத்துகள் மனத்துக்குள் செல்வது நிலைப்பின்போது மட்டுமே. தாவலின்போது பார்வை மங்கிவிடுவதும் அந்த இடைவெளி படிப்பவருக்கே புலப்படாமல் போவதும் வியப்புக்குரியவை. கண்ணின் இந்த அசைவுகளை அளப்பதற்காக எட்மண்ட் ஹ்யூயி என்னும் அமெரிக்க உளவியலாளர், மரத்துப்போகச் செய்த விழியின் மேல் சாந்துக் கிண்ணம் ஒன்றைப் பொருத்தி, அதனோடு இணைத்த மெல்லிய முள்ளைப் புகை படிந்த உருளையில் கீறவிட்டார்; அதற்கு உடன்பட்டவர்களின் பொறுமை பாராட்டத்தக்கது.

ஒரு நிலைப்பில் எத்தனை எழுத்துகள் பயன்படுகின்றன என்னும் கேள்விக்கு 1975இல் மக்கோன்கி, ரேனர் என்னும் ஆய்வாளர்கள் கணினியின் துணையோடு விடை தேடினர். கண் நிற்கும் இடத்தைச் சுற்றிச் சில எழுத்துகளை மட்டும் உள்ளபடி காட்டி, மற்றவற்றைப் பொருளற்ற குறிகளாக மாற்றிவிடும் அந்த ஏற்பாட்டில், கண் தாவும்போதெல்லாம் தெளிவான பகுதியும் உடன் தாவும் என்பதால், அப்பகுதி போதிய அகலம் உடையதாக இருந்தால் வாசிப்பு சற்றும் தடைப்படாது. இவ்வகை ஆய்வுகளின்படி, ஆங்கிலம் படிப்பவர் இடப்புறம் மூன்று நான்கு எழுத்துகளையும் வலப்புறம் பதினான்கு பதினைந்து எழுத்துகள் வரையிலும் பயன்படுத்துகிறார். இந்த ஏற்றத்தாழ்வு விழியின் அமைப்பிலிருந்து வருவதன்று; வலமிருந்து இடமாக எழுதப்படும் ஹீப்ரு மொழியை இஸ்ரேலியர் படித்தபோது இவ்வாறு பயன்படும் எழுத்துகளின் பரப்பு இடப்பக்கம் நீண்டது என்றும், அதே மனிதர்கள் ஆங்கிலம் படித்தபோது வலப்பக்கம் நீண்டது என்றும் 1981இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. கவனம் எந்தத் திசையில் முன்னோட வேண்டும் என்பதை மொழிக்கு மொழி மனம் கற்றுக்கொள்கிறது.

எழுத்துக் கூட்டிப் படிக்கும் குழந்தைக்கு இந்தப் பரப்பு குறுகலானது, நிலைப்புகளும் மிகுதி. கண் நின்ற சொல்லை அறிவதிலேயே கவனம் முழுதும் செலவாவதே இதற்குக் காரணமாகையால், கண்ணை விரட்டுவதால் வாசிப்பு விரைவு பெறாது. சொற்கள் பழகினால் கண் தானாகவே விரையும். இது தெரிந்திருந்தும், படித்த சொற்களைப் பின்னோக்கிப் பார்ப்பதைக் கெட்ட பழக்கமென்று கண்டிப்பதையும், அதை ஒழித்துக்கட்டுவதாகச் சொல்லிக் கட்டணம் வாங்கும் வேக வாசிப்புப் பயிற்சிகளையும் இன்னும் காண முடிவது வருந்தத்தக்கது. தேர்ந்த வாசகரின் தாவல்களிலும் பத்தில் ஒன்றுக்குக் குறையாமல் பின்னோக்கியவையே. படித்து முடித்த சொற்களை உடனுக்குடன் மறைத்து, திரும்பிப் பார்க்க வழியில்லாமல் செய்த 2014ஆம் ஆண்டின் ஆய்வொன்றில், வாசகர்களின் பொருளுணர்வு குறைந்தது.