ஈயத்தைக் கவ்வும் கொடுக்கு

பழவேற்காட்டுக் குப்பம் ஒன்றிலிருந்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். வீச்சு வலைக்கு ஈயக்குண்டு வார்க்க, வீட்டடுப்பிலேயே பழைய ஈயத்தை உருக்குவார்களாம். “உடம்பில் ஈயம் ஏறியிருந்தால் ஸ்கேனில் தெரியுமா?” என்று கேட்கிறார்.

ரத்தப் பரிசோதனைதான் முதல் படி. ஆனால் ரத்தத்தில் உள்ள ஈயம் ஏறக்குறைய ஒரு மாதத்தில் பாதியாகிவிடும். பெரியவர்களின் உடம்பில் சேர்ந்த ஈயத்தில் 90 சதவீதத்துக்கு மேல் எலும்புக்குள் குடியேறி, பல ஆண்டுகள் அங்கேயே கிடக்கும். அதை அளக்கச் சில ஆய்வுக்கூடங்களில் வழி உண்டு. கேட்மியம்-109 தரும் காமா கதிரை கணைக்கால் எலும்பில் பாய்ச்சினால், ஈய அணுக்கள் தமக்கே உரிய எக்ஸ் கதிரை உமிழும்.

எனக்குப் பிடித்த விநோதம் டி.எம்.எஸ்.ஏ. என்ற மருந்து. ஈய நஞ்சுக்கு இது முறிமருந்து. இதிலுள்ள கந்தகம் ஈயத்தைக் கவ்விச் சிறுநீரோடு வெளியேற்றும். இதே டி.எம்.எஸ்.ஏ.வோடு, 6 மணி நேரத்தில் பாதியாகும் டெக்னீஷியம்-99எம் சேர்த்து ஊசி போட்டால், அது சிறுநீரகப் புறணியில் போய் ஒட்டிக்கொள்ளும். இரண்டு மூன்று மணி நேரம் கழித்துக் காமா கேமராவில் படமெடுப்பார்கள். பழவேற்காட்டில் நான் வாங்கும் நண்டின் கொடுக்கைக் கட்டித்தான் தருவார்கள். ஸ்கேனுக்குப் போகும் டி.எம்.எஸ்.ஏ.வும் அப்படித்தான். டெக்னீஷியத்தைக் கவ்விய கொடுக்கு ஈயத்தைப் பிடிக்காது. மருந்தின் அளவும் மிகச் சொற்பம். நம் அணுசக்தித் துறையின் ‘பிரிட்’ நிறுவனமே இதற்கான மருந்துப் புட்டியைத் தயாரிக்கிறது.

ஸ்கேன் மருந்து ஒட்டும் புறணியின் நுண்குழல்களைத்தான் ஈயமும் கேட்மியமும் பாதரசமும் தாக்குகின்றன. சேதம் முற்றினால் படத்தில் தெரியலாம். செய்தது ஈயமா, பழைய நோய்த்தொற்றா என்று படம் சொல்லாது. ஆகவே, வாசகருக்கு என் பதில்: இந்த ஸ்கேன் ஈயத்தைக் காட்டாது.

ஈயம் அடுப்படியில் மட்டும் இல்லை. பழவேற்காடு ஏரியின் நீரிலும் வண்டலிலும் கடற்பாசியிலும் ஈயம், கேட்மியம், குரோமியம் இருப்பதை 2008இல் வெளியான ஆய்வு பதிவு செய்தது. தெற்கே எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் சேர்ந்த கதை ஊரறிந்தது. ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் ஈயம் 5 மைக்ரோகிராமைத் தொட்டாலே, அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். விரல்நுனி ரத்தத்திலேயே அளக்கும் சிறு கருவிகள் வந்துவிட்டன. கரையோர ஆரம்ப சுகாதார நிலையங்கள் எல்லாவற்றிலும் அவை இருக்க வேண்டும் என்பேன். முறிமருந்தை விழுங்கிவிட்டு அதே அடுப்படிக்குத் திரும்பினால், வெளியேறிய ஈயம் மறுபடி ஏறும். குண்டு வார்ப்பதை வீட்டைவிட்டும் பிள்ளைகளைவிட்டும் தள்ளி வையுங்கள். அதற்கு எந்த மருத்துவரின் சீட்டும் வேண்டாம்.